பொறியியல் பேராசிரியர் வேலை தேடுகிறீர்களா? விளம்பரத்திலிருந்து ஆஃபர் வரை

முதல் சீசனில் 43 இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒரு இடத்திலிருந்துகூட அழைப்பு வரவில்லை. அடுத்த சீசனில் 19 இடங்கள்தான். ஐந்து ஜூம் நேர்காணல், இரண்டு நேரடி நேர்காணல், ஒரு ஆஃபர். நடுவில் இருந்த அந்த ஒரு வருஷத்தில் நான் ஒன்றும் பெரிய மேதையாகிவிடவில்லை, வெளியான கட்டுரைகளில் ஒன்றே ஒன்றுதான் கூடியிருந்தது. எதை எப்போது செய்ய வேண்டும், யாரிடம் எவ்வளவு முன்னால் கேட்க வேண்டும் என்பது மட்டும் அடிபட்டு அடிபட்டுத் தெரிந்திருந்தது. பொறியியலிலும் பயன்பாட்டு அறிவியலிலும் பிஎச்டி முடிக்கப் போகிறவர்களும் போஸ்ட்டாக்கில் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலையில்) இருப்பவர்களும் அதே அடியை வாங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, இந்த நான்கு இடங்களுக்கும் நான் விண்ணப்பித்தேன், அதனால் அவற்றைப் பற்றி மட்டும்.

1. பதவியின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அர்த்தம். பிரிட்டனில் 'லெக்சரர்' என்றால் ஆய்வு, கற்பித்தல் இரண்டும் உள்ள வேலை, கிட்டத்தட்ட அமெரிக்காவின் அசிஸ்டன்ட் ப்ரொபசருக்குச் சமம். அமெரிக்காவில் அதே 'லெக்சரர்' பெரும்பாலும் பாடம் நடத்த மட்டும் எடுக்கப்படும் ஒப்பந்த வேலை. நான் இது தெரியாமல் பிரிட்டன் விளம்பரங்களை ஆறு மாதம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன்.

அமெரிக்காவில், கனடாவில் 'டெனியூர் டிராக்' என்ற சொல் விளம்பரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஐந்தாறு வருஷம் கழித்து உங்கள் வேலையைப் பரிசீலித்து நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். 'டீச்சிங் ப்ரொபசர்' என்பது தனிப் பாதை, அதில் ஆய்வு எதிர்பார்ப்பு குறைவு. 'விசிட்டிங்' என்றால் ஒன்றிரண்டு வருஷம். 'அட்ஜங்க்ட்' என்றால் நடத்தும் பாடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, அதை நம்பி வீடு மாறாதீர்கள்.

ஜெர்மனியில் W1, W2, W3 என்று ஊதியப் படிகள். W1 என்பது ஜூனியர் பேராசிரியர். வழக்கமாக மூன்று வருஷம், நடுவில் ஒரு மதிப்பீடு, தேறினால் இன்னொரு மூன்று வருஷம். அதற்குப் பிறகு நிரந்தரம் உண்டா என்பது 'டெனியூர் டிராக்' என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தால்தான் உண்டு. அங்கே 'பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்' என்று ஒரு தனி வகை இருக்கிறது, பெயரைப் பார்த்து நமக்கு ஏற்றது என்று பலர் விழுகிறார்கள். அங்கே பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் மட்டும் போதாது, பொதுவாக ஐந்து வருஷம் தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருஷமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கற்பித்தல் சுமையும் வாரத்துக்கு 18 வகுப்பு மணி அளவில். சாதாரணப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அதில் பாதிதான். தொழிற்சாலையில் ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டுக் கற்பிக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நேரே போஸ்ட்டாக்கிலிருந்து வருகிறவருக்கு நேர விரயம்.

2. காலண்டரை முதலில் போடுங்கள்

அமெரிக்கா, கனடா கணக்கு இது: ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை விளம்பரங்கள் வரும். கடைசித் தேதிகள் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, நவம்பரில்தான் கூட்டம் அதிகம். டிசம்பர், ஜனவரியில் ஜூம். ஜனவரி முதல் மார்ச் வரை நேரில் அழைப்பார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆஃபர், ஆகஸ்டில் சேர வேண்டும். அதாவது கையில் வேலை வேண்டும் என்று நினைக்கிற தேதிக்கு ஒரு வருஷம் முன்னால் எல்லாக் காகிதமும் தயாராக இருக்க வேண்டும். ஜூலையில் எழுத உட்காருங்கள். நான் முதல் தடவை உட்கார்ந்தது அக்டோபர் கடைசியில்.

பிரிட்டனில் இப்படி ஒரு சீசன் கிடையாது, வருஷம் முழுக்க வரும், விளம்பரம் சில வாரங்கள்தான் திறந்திருக்கும், நேர்காணலும் சீக்கிரம் நடந்துவிடும். ஜெர்மனி இதற்கு நேர் எதிர். விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு வருஷம் போவது அங்கே சாதாரணம். தேர்வுக் குழு மூன்று பேர் கொண்ட ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி அனுப்பும், முதலாமவர் மறுத்தால் இரண்டாமவர். எட்டு மாதம் பதில் இல்லை என்றால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

ஒரு பொறி: 'பரிசீலனை நவம்பர் 15 அன்று தொடங்கும், இடம் நிரம்பும் வரை விண்ணப்பிக்கலாம்' என்று போட்டிருப்பார்கள். இதில் கடைசித் தேதி நவம்பர் 15தான். அதற்கப்புறம் வருவதை முதல் சுற்றில் ஆள் சரியில்லை என்றால்தான் திறப்பார்கள்.

3. எங்கே தேடுவது

அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன், ஹையர் எட் ஜாப்ஸ், கனடாவுக்கு யுனிவர்சிட்டி அஃபேர்ஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, ஐரோப்பாவுக்கு யூராக்செஸ், ஜெர்மனிக்கு அகாடமிக்ஸ் டாட் டிஈ. இவற்றில் மின்னஞ்சல் அலெர்ட் போட்டுவிட்டால் போதும், தினமும் போய்ப் பார்க்க வேண்டாம். வேலை தேடித் தருவதாகக் காசு கேட்கும் ஆட்களை விட்டு விலகுங்கள்.

விளம்பரம் வந்ததும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள்: பல்கலைக்கழகம், துறை, என்ன ஆவணங்கள், எத்தனை பக்கம், எத்தனை கடிதம், எந்த நேர மண்டலத்தில் கடைசி மணி. கடைசியாகச் சொன்னதைச் சும்மா சொல்லவில்லை, ஒரு விண்ணப்பத்தை மூன்று மணி நேரத்தில் தவறவிட்டிருக்கிறேன்.

விளம்பரத்தில் 'குறைந்தபட்சத் தகுதி', 'விரும்பத்தக்க தகுதி' என்று இரண்டு பத்தி இருக்கும். முதல் பத்தியில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள், அலுவலகமே கழித்துவிடும். இரண்டாவதில் பாதி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கனடா விளம்பரங்களில் 'தகுதியுள்ள அனைவரும் விண்ணப்பிக்கலாம், கனடியர்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் முன்னுரிமை' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அது சட்டப்படி போட வேண்டிய வரி, உங்களை விரட்ட அல்ல. அதே விளம்பரத்தில் 'பி.இங் பதிவு (கனடாவின் பொறியாளர் உரிமம்) அல்லது பதிவுக்குத் தகுதி' என்று இருந்தால் அதை மட்டும் பொருட்படுத்துங்கள். அங்கே பொறியியல் பாடத்திட்ட அங்கீகாரத்துக்கு உரிமம் பெற்ற பொறியாளர்கள் பாடம் நடத்த வேண்டும். எப்படிப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று கவர் லெட்டரில் ஒரு வரி எழுதினால் குழுவுக்கு ஒரு கவலை குறையும்.

4. ரெஃபரன்ஸ் லெட்டர்: எல்லாரும் கோட்டைவிடும் இடம்

என் 43 விண்ணப்பங்கள் வீணானதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நடந்தது என்னவென்றால், பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மூன்று பேரில் ஒருவருக்குப் பல்கலைக்கழக போர்ட்டல்களிலிருந்து தானாகப் போகும் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்திருக்கின்றன. அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜனவரியில் வேறு எதற்கோ ஒரு போர்ட்டலைத் திறந்தபோது 'மூன்றில் இரண்டு கடிதங்கள் வந்துள்ளன' என்று சின்ன எழுத்தில் இருந்தது. மற்றவற்றைத் திறந்து பார்த்தால் 17 இடங்களில் அதே கதை. பல இடங்களில் கடிதம் முழுதாக வராத விண்ணப்பத்தைக் குழுவின் முன்னால் வைப்பதே இல்லை.

ஆகவே:

குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். மூன்று பேர் போதும் என்று இருந்தாலும் நான்கு பேரைத் தயாராக வையுங்கள், சில இடங்கள் ஐந்துகூடக் கேட்கும். பிஎச்டி வழிகாட்டியின் கடிதம் இல்லையென்றால் 'என்ன சண்டையோ' என்று நினைப்பார்கள், அதனால் அது கட்டாயம். ஒருவராவது உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவராக இருந்தால் நல்லது.

அவர்களுக்கு ஒரே மின்னஞ்சலில் உங்கள் சிவி, ரிசர்ச் ஸ்டேட்மென்ட் (ஆய்வுத் திட்ட அறிக்கை) வரைவு, இடங்களும் தேதிகளும் உள்ள பட்டியல், மூன்றையும் அனுப்புங்கள். எந்தப் பெயரிலிருந்து மின்னஞ்சல் வரும், ஸ்பேமையும் பாருங்கள் என்று வெட்கப்படாமல் எழுதுங்கள்.

அப்புறம், சில போர்ட்டல்கள் நீங்கள் 'சமர்ப்பி' பட்டனை அமுக்கிய பிறகுதான் கடிதம் கேட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். கடைசி நாள் இரவு 11 மணிக்கு நீங்கள் அமுக்கினால், அவருக்கு 11.01க்குப் போகும். பத்து நாள் முன்னாலேயே அமுக்கிவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டால் 'ஆம்' என்று போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைனில் ஒருமுறை ஏற்றிய கடிதம் அதே தளத்தின் பல விண்ணப்பங்களுக்குப் போகும், எழுதுகிறவருக்கும் நிம்மதி. பிரிட்டனில் பெயர் மட்டும் கொடுத்தால் போதும் என்று பல இடங்களில் இருக்கும், ஷார்ட்லிஸ்ட் ஆன பிறகு அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

5. ஆவணங்கள்

சிவி. அமெரிக்கா, கனடா, பிரிட்டனுக்குப் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை எதுவும் வேண்டாம். ஜெர்மனிக்கு அட்டவணை வடிவ சிவியோடு பட்டச் சான்றிதழ்கள், கற்பித்த பாடங்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிடிஎஃபாகக் கேட்பார்கள், அளவு வரம்பும் இருக்கும்.

கவர் லெட்டர். ஒரு பக்கம், ஒன்றரை ஆனாலும் மோசமில்லை. யாருடைய பெயரையாவது மாற்ற மறந்து அனுப்பாதீர்கள். நான் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தைப் புகழ்ந்து அனுப்பியிருக்கிறேன்.

ரிசர்ச் ஸ்டேட்மென்ட். இங்கேதான் ஆள் தேறுவதும் விழுவதும். மூன்று நான்கு பக்கம், ஒன்றிரண்டு படம். என்னுடைய முதல் வருஷ ஸ்டேட்மென்ட் இப்படித் தொடங்கியது: 'என் முனைவர் பட்ட ஆய்வில் நுண்குழாய்களில் நிகழும் கொதித்தலை அதிவேக கேமரா கொண்டு ஆராய்ந்தேன்.' படித்துக் கொடுத்த ஒரு மூத்த பேராசிரியர் ஓரத்தில் 'சரி, அதனால்?' என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவது வருஷம்: 'மின்வாகன பேட்டரியை வேகமாக சார்ஜ் செய்ய விடாமல் தடுப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு; அந்த வெப்பத்தைப் பேட்டரிக்குள்ளேயே கொதிக்கும் திரவத்தால் எடுக்க முடியுமா என்பதே என் குழு அடுத்த ஐந்து வருஷத்தில் கேட்கப்போகும் கேள்வி.' ஆய்வு அதேதான், ஆனால் குழுவில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் உங்கள் துறை தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான், மற்றவர்கள் முதல் பத்தியோடு முடிவு செய்துவிடுகிறார்கள்.

செய்ததற்கு ஒரு பக்கம், செய்யப் போவதற்கு இரண்டு பக்கம். காசு எங்கிருந்து வரும் என்று கட்டாயம் எழுதுங்கள்: அமெரிக்காவில் என்எஸ்எஃப் என்ற அரசு ஆய்வு நிதி அமைப்பின் கேரியர், கனடாவில் அதேபோன்ற என்செர்க்கின் டிஸ்கவரி நிதி, பிரிட்டனில் இபிஎஸ்ஆர்சி, ஐரோப்பாவில் இஆர்சி ஸ்டார்ட்டிங் கிராண்ட். பெயர் மட்டும் அடுக்கினால் போதாது, எந்தத் திட்டத்தை எந்த நிதிக்குப் போடுவீர்கள் என்று சொல்ல வேண்டும். உதாரணமாக கேரியர் நிதிக்கு ஒருவர் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம்; முதல் வருஷமே அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க மாட்டேன் என்று ஜூமில் நான் சொன்னபோது குழுத் தலைவர் குறிப்பெடுத்ததைப் பார்த்தேன்.

கற்பித்தல் அறிக்கை. ஒன்றிரண்டு பக்கம். 'மாணவர்களை மையமாகக் கொண்டு கற்பிப்பேன்' என்று எல்லாரும் எழுதுவதை எழுதாதீர்கள். அந்தத் துறையின் பாடப் பட்டியலை எடுத்து, இந்த எண்ணுள்ள இளநிலைப் பாடம் இரண்டு நடத்துவேன், இந்தப் புதிய முதுநிலைப் பாடம் ஒன்று உருவாக்குவேன் என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் பிடிக்கும் பாடத்தைவிட யாரும் நடத்த விரும்பாத பெரிய அடிப்படைப் பாடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேறு அறிக்கைகள் விளம்பரத்தில் கேட்டால் மட்டும்.

6. சான்றிதழ், செலவு

விண்ணப்பக் கட்டணம் என்று நான் விண்ணப்பித்த எந்த இடத்திலும் இல்லை. செலவு வேறு பக்கம் வருகிறது. படித்த பல்கலைக்கழகங்களிலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இல்லையென்றால் உரிமம் பெற்றவரின் மொழிபெயர்ப்பு, சில நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை), சில இடங்களில் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலை மதிப்பீடு. இவை ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பிக்கும்போது நகல் போதும், ஆனால் ஆஃபர் வந்த பிறகு இரண்டு வாரத்தில் கேட்பார்கள். பட்டமளிப்பு நடக்கவில்லை என்றால் 'எல்லாத் தேவைகளையும் முடித்துவிட்டார்' என்று பதிவாளர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

நேர்காணல் பயணச் செலவைப் பொதுவாகப் பல்கலைக்கழகம் ஏற்கும். ஆனால் எப்படி ஏற்கும் என்று கேளுங்கள். ஒரு இடம் டிக்கெட்டை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு இடம் 'நீங்கள் எடுங்கள், பிறகு தருகிறோம்' என்றது. தந்தார்கள், ஒன்பது வாரம் கழித்து. கண்டம் தாண்டிய டிக்கெட்டின் கிரெடிட் கார்டு வட்டியை யாரும் தரமாட்டார்கள். போர்டிங் பாஸ், டாக்சி ரசீது, எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் நேர்காணல் என்றால் அதற்கே விசா வேண்டியிருக்கும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காத நேரமாக இருந்தால் ஜூமில் நடத்த முடியுமா என்று முதல் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.

7. ஜூம் சுற்று

அரை மணி நேரம், ஐந்தாறு கேள்வி, எல்லாருக்கும் அதே கேள்விதான். ஏன் எங்கள் துறை, உங்கள் முதல் திட்டம் என்ன, எதைக் கற்பிப்பீர்கள், எங்களில் யாரோடு சேர்ந்து வேலை செய்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஐந்து நிமிடம் பேசினால் அடுத்த கேள்விக்கு நேரம் இருக்காது, அந்தக் கேள்விக்கு உங்களுக்கு மதிப்பெண் பூஜ்யம்.

8. நேரடி நேர்காணல்

வட அமெரிக்காவில் இது ஒன்றரை, இரண்டு நாள். காலை உணவிலிருந்து இரவு உணவு வரை நேர்காணல்தான், சாப்பாட்டு மேசையில் யாரும் ஓய்வெடுக்கவில்லை. அரை மணிக்கு ஒருவராக ஆசிரியர்கள், நடுவில் டீன், மாணவர்களோடு ஒரு மணி நேரம். மாணவர்கள் சொல்லும் கருத்தும் குழுவுக்குப் போகிறது, அவர்களிடம் அலட்சியமாகப் பேசி வேலையை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஜாப் டாக் (துறையின் முன்னால் உங்கள் ஆய்வைப் பற்றி நீங்கள் தரும் உரை) கேள்விகளோடு சேர்த்து ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் வேறு பிரிவுக்காரருக்கும் புரிய வேண்டும், நடுவில் ஒரு பகுதி உங்கள் துறை நிபுணர் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு ஆழம், கடைசி பத்து நிமிடம் எதிர்காலம். பல இடங்களில் சாக் டாக் என்று கதவை மூடிக்கொண்டு ஆசிரியர்கள் மட்டும் கேள்வி கேட்பார்கள். ஸ்லைடு கிடையாது, பலகை மட்டும். 'முதல் மாணவருக்கு முதல் நாள் என்ன வேலை கொடுப்பீர்கள்' என்று என்னைக் கேட்டார்கள். அழகான ஐந்தாண்டுத் திட்டம் வைத்திருந்த எனக்கு, அந்த முதல் நாளுக்குப் பதில் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் மாதிரி வகுப்பு ஒன்று கட்டாயம் இருக்கும், சில சமயம் தலைப்பை அவர்களே தருவார்கள். ஜெர்மன் மொழியில் இரண்டு மூன்று வருஷத்தில் பாடம் நடத்த முடியுமா என்ற கேள்வியும் வரும்.

உரைக்கு முன்னால் 20 நிமிடம் தனியாக விடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். ஸ்லைடை பிடிஎஃபாகவும் பென் டிரைவில் வையுங்கள்.

9. ஆஃபர் வந்தால்

தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி 'உங்களுக்கு என்ன வேண்டும், பட்டியல் அனுப்புங்கள்' என்பார்கள். சம்பளத்தில் அதிகம் அசைய மாட்டார்கள், ஸ்டார்ட்-அப் நிதியில் (ஆய்வகம் தொடங்கத் தரும் பணத்தில்) அசைவார்கள். கருவிகளுக்குக் கம்பெனி விலைப்பட்டியலோடு எழுதுங்கள். நான் கருவிக்குக் காசு வாங்கினேன். அதற்குக் குளிர்நீர் இணைப்பும் மூன்று ஃபேஸ் மின்சாரமும் போட யார் காசு என்று கேட்கவில்லை. கட்டடப் பிரிவு அனுப்பிய மதிப்பீட்டில் ஒரு மாணவரின் ஒரு வருஷச் சம்பளம் போய்விட்டது.

அமெரிக்கச் சம்பளம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கு. கோடைக்கு நீங்களே நிதியில் எடுத்துக்கொள்ள வேண்டும், முதல் இரண்டு கோடைக்காவது தரச் சொல்லுங்கள். முதல் வருஷம் பாடச் சுமைக் குறைப்பு, ஆய்வக இடம் எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள், எல்லாம் கடிதத்தில் வர வேண்டும். வாயால் சொன்ன துறைத் தலைவர் அடுத்த வருஷம் மாறிவிடுவார். இடமாற்றச் செலவு தந்தால் அமெரிக்காவில் 2018 முதல் அதற்கு வரி உண்டு, அதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

விசாவை இந்தக் கட்டத்திலேயே பேசுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசாவில் ஆண்டு எண்ணிக்கை வரம்பும் லாட்டரியும் கிடையாது. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாக எச்1பி போட ஒரு லட்சம் டாலர் கேட்டது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் முதலில் சொல்லி, அன்றைய நிலவரத்தை எழுத்தில் வாங்குங்கள். கிரீன் கார்டுக்குப் போடுவார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான தனி வழியில் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள், அதன் முதல் படியான தொழிலாளர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

பிரிட்டனில் விசாக் கட்டணத்தைவிட மருத்துவக் கூடுதல் கட்டணம்தான் கடிக்கும்: பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, விசாக் காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே. கணவன் மனைவி இருவர், ஐந்து வருஷம் என்றால் 10,350 பவுண்டு, முதல் சம்பளம் வருவதற்கு முன்னால். பல்கலைக்கழகம் திருப்பித் தருமா, உங்களுக்கு மட்டுமா குடும்பத்துக்குமா என்று கேளுங்கள்.

பதில் சொல்ல இரண்டு வாரம் தருவார்கள். வேறு இடத்தில் நேர்காணல் முடிந்து காத்திருந்தால் அங்கே உடனே மின்னஞ்சல் போடுங்கள், 'ஒரு ஆஃபர் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்' என்று. இது மிரட்டல் இல்லை, அவர்களே எதிர்பார்ப்பதுதான்.

10. முடிவு எதுவானாலும்

கையெழுத்திட்டதும் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்குங்கள். கடிதம் எழுதியவர்களுக்கு முடிவைச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள், அடுத்த ஜூலையில் மறுபடி அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.